டீசலும் வலக்காலும்

எமது குடாநாட்டில் மலையென்று பெயர் தாங்கிய கீரிமலையும் ஒரு மலையன்று. ஆயினும், மலையேறவென்றே பிறந்த நாற்சக்கர இயக்க டீசல் வாகனங்களுக்கு இங்கே குறைவில்லை. அவை டீசலைக் குடிக்கின்றன என்று உடையவர்கள் முறையிடக் கேட்கிறோம். குடிப்பது பெரும்பாலும் சாரதியின் வலக்கால் என்பதே எமது கருத்து.

சிக்கனம் எமக்குப் புதிதன்று. 1990-இன் பின் நிலவிய எரிபொருள் தடைக் காலத்தில் பழைய ஒஸ்ரின் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. 2022 தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் யூன் இறுதியில் 460 ரூபாவாயிற்று. பங்கீட்டில் கிடைத்ததைக்கொண்டு வாரத்தை ஓட்டிய அந்நாட்களில் எல்லோருக்கும் மெல்ல ஓட்டத் தெரிந்திருந்தது. 2023 செப்டெம்பரில் பங்கீடு நீங்கியது. பழைய அவசரமும் திரும்பிவிட்டது.

டர்போ என்பது பெரிய மாயமன்று. வெளியேறும் புகையின் வலுவால் ஒரு சிறு சக்கரம் சுழன்று, காற்றை நெருக்கி இயந்திரத்துள் செலுத்துகிறது. மிதித்தவுடன் அது விழித்தெழுவதில்லை, கணநேரம் தாமதிக்கும். அக்கணத்தைப் பொறாத சாரதி மேலும் மிதிக்கிறார். வண்டி பாய்கிறது, முன்னே ஒரு சைக்கிளோ மாடோ குறுக்கிடுகிறது, பிரேக் பிடிக்கிறார். செலவான டீசல் பிரேக்கின் சூடாகப் போய்விடுகிறது. தடை தூரத்தே தெரியும்போதே காலை எடுத்து, கியரிலேயே உருளவிடுபவருக்கு இந்த நட்டமில்லை. புதிய இயந்திரங்களில் அந்நேரம் டீசல் செல்வதே நின்றுவிடும்.

வேகத்துக்கும் விலையுண்டு. மணிக்கு 70 கிலோமீற்றரை 100 ஆக்கினால் காற்றின் எதிர்ப்பு இருமடங்காகிறது. பெட்டிபோன்ற உடலுடைய இவ்வாகனங்களுக்கு அது பெருஞ்சுமை. பண்ணைத் தாம்போதியில் சோளகம் எதிர்த்து வீசினால் கேட்கவேண்டியதில்லை.

நாற்சக்கர இயக்கம் மெய்யாகவே வேண்டப்படுவது மணற்காட்டு மணலில். அங்கே ரயரின் காற்றைக் குறைப்பதும் முறைதான். தார் வீதிக்கு மீண்டதும் காற்றை நிரப்பவேண்டும். கையால் இணைக்கும் வகையாயின் முன்சக்கர இணைப்பையும் விடுவிக்கவேண்டும். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடுபவை. பூட்டியே வைத்தால் ஒன்றையொன்று இழுத்து, ரயரையும் டீசலையும் தின்னும்.

எமக்குப் பொறுக்காதது பாடசாலை வாயிற் காட்சியே. குளிரூட்டிக்காக அரைமணி நேரம் இயந்திரம் உறுமியபடி நிற்கிறது; அப்புகையைச் சுவாசிப்பவர் எம் பிள்ளைகள். நெடுந்தூரம் விரைந்து வந்தபின் டர்போ ஆறுவதற்கு ஒரு நிமிடம் ஓடவிடுவது வேறு; அது தேவை. மணியடிக்கும்வரை வேம்பின் நிழலில், கண்ணாடியை இறக்கிவிட்டு இருக்கலாம்.