கல்லூரியில் ஓர் அக்கா

மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்தை இன்று உலகமே அறியும். 2021 முதல் 2025 வரை அமெரிக்கத் துணை அதிபராக விளங்கிய கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனாரின் ஊர் அது. 2020-இல் அவர் வென்றபோது அங்கே வெடி வெடித்துக் கொண்டாடினார்கள். அதே தேர்தலில் அமெரிக்கப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் அவருக்குச் சரியாக 19 டாலர் 8 சென்ட் நன்கொடை அனுப்பினார்கள். இது என்ன விந்தைக் கணக்கு? அவர் கல்லூரியில் சேர்ந்த 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா' என்னும் மாணவியர் சங்கம் பிறந்த ஆண்டு 1908!

இத்தகைய கிரேக்க எழுத்துச் சங்கங்கள் அமெரிக்காவில் 1776-இல் 'ஃபை பீட்டா கப்பா'வுடன் தொடங்கின. ஒரு கல்லூரியில் தோன்றிய சங்கம் மற்ற கல்லூரிகளிலும் கிளை விட்டுப் பரவியது. ஆனால் அவை ஆண்களுக்கே உரியவை. பெண்கள் கல்லூரிக்குள் நுழைந்தபோது தாங்களே சங்கம் அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சிராகியூஸில் 1874-இல் தோன்றிய ஒரு சங்கத்துக்காக, 1882-இல் லத்தீன் பேராசிரியர் ஒருவர் 'சொரோரிட்டி' என்ற சொல்லைச் சூட்டினார். லத்தீனில் 'சொரோர்' என்றால் சகோதரி. (நாம் நாள்தோறும் 'சிஸ்டர்' என்று அழைக்கிறோமே, அதே பொருள்தான்.) அந்தச் சகோதரிகளோ கறுப்பினப் பெண்களைச் சேர்க்கவில்லை. எனவேதான் ஹவார்ட் பல்கலைக்கழக மாணவியர் 1908-இல் தமக்கென ஒன்றைத் தொடங்கினர். 1998-இல் டெக்சஸில் தெற்காசிய மாணவியரும் 'கப்பா ஃபை காமா'வைத் தொடங்கினர்.

தோழியரே, வெளியே நிறுத்தப்பட்டவர்கள் ஒன்றுகூடியதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் புதிதாக வருபவரைச் சோதனை என்ற பெயரில் வதைக்கும் வழக்கமும் இச்சங்கங்களில் புகுந்துவிட்டது. உயிர்கள் பலியாயின. 2024 டிசம்பரில்தான் அதற்கெதிராக அமெரிக்க மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றியது.

நாம் அவர்களைக் குறை கூறிவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? இங்கே சங்கமே இல்லாமல் ராகிங் இருக்கிறது. 1996-இல், நமக்கு அருகிலுள்ள சிதம்பரத்தில், முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதன் பின்னரே தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம் வந்தது. "கொஞ்சம் கேலி செய்தால்தான் நட்பு வளரும்" என்று இன்றும் சிலர் வாதாடுகிறார்கள். அழவைத்துப் பெறும் நட்பு யாருக்கு வேண்டும்?

கமலாவின் தாயார் சியாமளா கோபாலன் 1958-இல், பத்தொன்பது வயதில், தன்னந்தனியாகப் பெர்க்லி சென்றார். அங்கே கறுப்பின மாணவர்களின் படிப்பு வட்டமொன்றில் தமிழ்ப் பெண்ணான அவருக்கும் இடம் கிடைத்தது. மகள் சேர்ந்த சங்கத்தைவிட, தாய்க்குக் கிடைத்த அந்த வட்டமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

நெடுங்காட்டிலிருந்து காரைக்கால் ஔவையார் மகளிர் கல்லூரிக்குப் போகிறவள் மாலையில் வீடு திரும்பிவிடலாம். திருச்சிக்கும் சென்னைக்கும் போகிறவள் விடுதி வாசலில் டிரங்குப் பெட்டியுடன் நிற்கும்போது, "நீ நம்ம ஊர்ப் பொண்ணா? வா" என்று சொல்ல ஓர் அக்கா வேண்டாமா? இதற்குக் கிரேக்க எழுத்தும் வேண்டாம், இரகசிய உறுதிமொழியும் வேண்டாம். எந்தக் கல்லூரியில் எந்த அக்கா படிக்கிறார் என்று எழுதிவைக்க நம் பள்ளி நூலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் இந்த ஆண்டே, பள்ளியை விட்டுப் போகுமுன், முதல் பக்கத்தில் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போகட்டும்.