பாவு ஓட்டிய பின் வருந்துவதோ?

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும், பதினோராம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவில் சேர்வது என்ற கேள்வி நம் அங்கத்தினர் இல்லங்களில் எழுகின்றது. "பள்ளியில் கொடுப்பதை வாங்கிக்கொள்" என்று சொல்லிவிட்டு நாம் தறிக்கோ வயலுக்கோ சென்றுவிடுகிறோம். ஈராண்டு கழித்துப் பிள்ளை மருத்துவம் பயில விழையும்போதுதான் நம் பிழை நமக்குப் புலனாகின்றது. பாவு ஓட்டுகையில் குறைந்துபோன இழையைத் தறியில் ஏற்றிய பின் சேர்ப்பது எத்தகைய தொல்லை என்பதை நெசவாளர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அமெரிக்க நாட்டில் பெரும்பாலோர் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்த பின்னரே மருத்துவக் கல்லூரியில் சேர்கின்றனர். பட்டம் வரலாற்றிலும் இருக்கலாம். இடையே உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களைப் பயின்று, நுழைவுத்தேர்விலும் தேறினால் விண்ணப்பிக்கலாம். ஆற அமரச் சிந்திக்க அங்கே அவகாசம் உண்டு. நம் நாட்டிலோ பன்னிரண்டாம் வகுப்பை அடுத்ததே மருத்துவக் கல்லூரி. ஆதலின் அங்கே இருபது வயதில் செய்யும் ஏற்பாட்டை இங்கே பதினைந்து வயதிலேயே செய்தாக வேண்டும்.

முதலாவது, பாடப்பிரிவு. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. உயிரியலைப் பின்னர் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்க்கும் தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் வழிவிட்டது. எனினும் அது சுற்றுவழியே. பிள்ளைக்கு ஆற்றல் இருப்பின் கணிதத்தையும் சேர்த்துப் பயிலுதல் நன்று. மருத்துவ இடம் கிட்டாவிடினும் பொறியியல் முதலிய துறைகளின் கதவு அடைபடாது. கணிதம் சுமையாகத் தோன்றும் பிள்ளையை வற்புறுத்த வேண்டா. உயிரியல் பயின்றவர்க்குக் கால்நடை மருத்துவம், வேளாண்மை, செவிலியர் கல்வி, மருந்தியல் என வழிகள் பல உள.

இரண்டாவது, பள்ளி. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2020இல் இயற்றியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருத்தல் அதன் பொது நிபந்தனை. அச்சட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளிகள் சேர்க்கப்படவில்லை. பெருமைக்காக ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றும் தந்தை, கட்டணத்தையும் செலுத்தி, கைக்கெட்டும் உரிமையையும் இழக்கின்றார்!

மூன்றாவது, தேர்வு. நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கு உரியவை. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 180 வீதம். தவறான விடை ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் குறையும். வினாக்கள் பதினோராம் வகுப்புப் பாடங்களிலிருந்தும் வருகின்றன. அவ்வாண்டைப் பொதுத்தேர்வு ஆண்டன்று என அலட்சியம் செய்வோர், நாற்றங்காலைக் கவனியாது விளைச்சலை எதிர்நோக்கும் உழவரை ஒப்பர்.

இத்தேர்வு ஏழைப் பிள்ளைகளுக்குப் பாதகமானது என்ற வாதம் நம் மாநிலத்தில் வலுவாக உள்ளது. அவ்வாதத்தில் நியாயம் இல்லையென நாம் கூறமாட்டோம். ஆயினும் விதி மாறும்வரை பிள்ளையின் வயது காத்திராது. அதற்காகத் தறியை விற்றும் நிலத்தை அடகுவைத்தும் பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்டுவதை நாம் ஒப்பவில்லை. ஓர் இடத்தை நம்பிக் குடும்பத்தின் பிழைப்பையே பணயம் வைத்தல் தகாது.

நூலும் உரமும் தனித்து வாங்கினால் நட்டம் என்றறிந்துதானே சங்கம் கண்டோம்? அறிவுரையையும் அவ்வாறே கூட்டாகத் தேடுவோம். ஒவ்வொரு சங்கமும் ஆண்டுதோறும் சித்திரையில் ஒருநாள், ஊர் ஆசிரியர்களையும் மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளையும் அழைத்து, எட்டாம் வகுப்பு முதலே பெற்றோர்க்கு வழிகாட்டட்டும். அதற்கு ஆகும் செலவு சொற்பமே. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர் இதனைத் தீர்மானமாகக் கொணர வேண்டுகிறோம்.