துணி போர்த்திய கருவிகள்



இக்கல்லூரியில் பௌதிகம் பயின்ற நான், இன்று ஊர் ஊராகச் சென்று விஞ்ஞானக் கருவிகளைப் பழுது பார்க்கிறேன். படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே சேரப்பணஞ்சேரியில் வாடகை அறை. பையில் மல்டிமீட்டர், திருப்புளிகள், அலைநீளத்தைச் சரிபார்க்க ஹோல்மியம் ஆக்ஸைடு கண்ணாடி. விடியற்காலையில் பஸ் ஏறினால், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையோ வேலூர்க் கல்லூரியோ, அழைத்த இடத்துக்குப் போவேன்.

தொழிற்சாலையில் கருவி நின்றால் அரை மணிக்குள் தொலைபேசி அலறும். சோதிக்காத சரக்குடன் லாரி நகராதன்றோ! கல்லூரியில் நின்றாலோ, அதன்மேல் ஒரு துணி போர்த்தப்படுகிறது. அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில், இரண்டு ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரைத் திறந்தேன். டங்ஸ்டன் விளக்கு எரிந்து போயிருந்தது. மாற்ற 20 நிமிடம்கூட ஆகவில்லை.

"நீங்களே திறந்து பார்த்திருக்கலாமே, சார்?" என்றேன்.

"உடைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்தருக்கு யார் பதில் சொல்வது, தம்பி?" என்றார் ஆசிரியர்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் அச்சம் நியாயமானதே. ஆனால், பீர்-லாம்பர்ட் விதியைக் கரும்பலகையில் மட்டும் கண்டு பட்டம் பெற்றுச் சென்ற மாணவர்களுக்கு யார் பதில் சொல்வது?

1928-இல் சி.வி. ராமனும், நம் வத்திராயிருப்பு தந்த கே.எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் ஒளிச்சிதறலை ஆராய்ந்தது எளிய கருவிகளைக் கொண்டுதான். கருவியைத் தொட அவர்கள் அஞ்சியிருந்தால் ராமன் விளைவு ஏது?

'மாணவர் கை பட்டால் கெட்டுவிடும்' என்பார்கள். என் அனுபவத்தில், கை பட்டுக் கெட்டவற்றைவிட, கை படாமல் ஈரம் ஏறி, லென்ஸில் பூஞ்சை பூத்துக் கெட்டவையே அதிகம்.

ஆகவே, இறுதியாண்டு மாணவருக்குக் கருவிப் பராமரிப்பையும் செய்முறைப் பாடமாக்க வேண்டும். மின் இணைப்பை நீக்கிய பிறகே மூடியைத் திறப்பது, ஃபியூஸ் மாற்றுவது, புது விளக்கை வெறும் விரலால் தொடாமல் துணியால் பிடித்துப் பொருத்துவது, இவற்றை ஆசிரியர் முன்னிலையில் பழகட்டும். உயர் மின்னழுத்தப் பகுதிகளை எங்களிடம் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பழுதுக் குறிப்பேடு இருக்கட்டும். கவனத்துடன் திறந்த ஆசிரியரைத் தண்டிக்காத விதியும் வேண்டும்.

இதனால் என் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சவில்லை. பெரிய பழுதுகள் என்றும் உண்டு. அடுத்த முறை நான் வரும்போது, "சின்னக் கோளாறுதான், நாங்களே சரி செய்துவிட்டோம்" என்று சொல்லி ஒரு தேநீர் மட்டும் தந்து அனுப்புங்கள். அதைவிட மகிழ்ச்சி எனக்கு வேறில்லை.