பந்தயத் தடமும் திரும்பும் வழியும்

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களுக்குச் சக்கரம் இல்லை. டயர்க் கவலையும் இல்லை. சதுரங்கப்பட்டினத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குத் தம் ஸ்போர்ட்ஸ் காரையே ஓட்டிச் சென்று, சுற்றுகள் விரட்டி, அதிலேயே வீடு திரும்பும் அன்பர்களுக்கு உண்டு. 1990இல் திறக்கப்பட்ட அத்தடம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். அங்கே வழவழப்பான பந்தய டயரே வேகம் தரும் என்பது மெய்தான். ஆனால் சூடேறினால்தான் அதன் மென்ரப்பர் தரையைப் பற்றும். வரிப்பள்ளம் இன்மையால் ஐப்பசி மழையில் நீர்மேல் வழுக்கும். பொதுச்சாலையில் அதை ஓட்டவும் கூடாது. சாலைக்கென்றே செய்த, பிடிப்பு மிகுந்த டயரே போதும் என்போம். சில நொடிகள் பிந்தினால் பிந்தட்டுமே! தடத்தில் சூட்டால் ஏறும் காற்றழுத்தத்தைக் குறைப்பவர்கள், டயர் ஆறியபின், செங்கற்பட்டு வழியே திரும்புமுன், மீண்டும் நிரப்பிக்கொள்ள மறக்கிறார்கள். எமக்கு அச்சம் அதில்தான்.