வீட்டில் திருப்புளி இருக்கிறதா?

எங்கட சனத்தின் வீடுகளில் எது இல்லை என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்லுவேன்: திருப்புளி. நீங்கள் ஸ்குரூ டிரைவர் என்று சொல்வதுதான். நாலு லப்டொப் இருக்கும், ஆளுக்கொரு ஐபோன் இருக்கும், சுவரை மூடுகிற அளவுக்கு ரீவி இருக்கும். மூத்த மகன் வாட்டர்லூவில் எஞ்சினியரிங், மகள் கொம்பியூட்டர் சயன்ஸ். ஆனால் ரிமோட்டின் பற்றரி மூடியில் உள்ள ஒரு சின்னத் திருகாணியைக் கழற்ற வேண்டுமென்றால் வெண்ணெய்க் கத்தியைத் தேடுவார்கள்.

இதைப் பகிடியாகத்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கோபமாகச் சொல்கிறேன். காரணம் என்னுடைய சித்தியின் மகள்.

அவள் பன்னிரண்டாம் வகுப்பு. போன மார்கழியில் அவளுடைய லப்டொப் இழுக்கத் தொடங்கியது. திறக்கப் பத்து நிமிசம், ஒரு பைலைத் தொட்டால் அப்படியே உறைந்துபோகும். சித்தி அதை மோலில் இருக்கிற ஒரு பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனா. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: மதர்போர்ட் போய்விட்டது, திருத்துகிற காசுக்குப் புதிது வாங்கலாம், உள்ளே இருக்கிற படங்களும் போனதுதான். பார்த்ததற்கு 80 டொலர். சித்தி இரவு வேலை செய்கிறா, பொதி கட்டும் தொழிற்சாலையில். அன்றைக்கே கிரெடிட் கார்டைத் தேய்த்து 1,300 டொலருக்குப் புது லப்டொப் வாங்கிக்கொடுத்துவிட்டா. என்னை ஒரு போன் அடித்துக் கேட்கவில்லை. கேட்டால் "அவனுக்கு வேலை, தொந்தரவு செய்யக் கூடாது" என்றா. நான் செய்கிற வேலையே இதுதான் என்பது சித்திக்குத் தெரியும். ஆனால் "ஐரி கன்சல்டன்" என்றால் சூட் போட்டுக் கூட்டத்தில் இருக்கிறவன், திருப்புளி பிடிக்கிறவன் இல்லை என்று ஒரு நினைப்பு.

தைப்பொங்கலுக்குப் போனபோது அந்தப் பழைய லப்டொப் கராஜில் குப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு யூஎஸ்பி ஸ்டிக்கில் லினக்ஸ் மின்ட் போட்டு, அதிலிருந்து இயக்கினேன். ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது. வைஃபை, சத்தம், திரை எல்லாம் சரி. இது ஏன் முக்கியம் என்றால், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் யூஎஸ்பியில் இருந்து கொம்பியூட்டர் ஒழுங்காக ஓடுகிறதென்றால் மதர்போர்ட் உயிரோடு இருக்கிறது. இந்தச் சோதனைக்கு அரை மணித்தியாலம் போதும், காசு தேவையில்லை. அந்தக் கடையில் 80 டொலர் வாங்கிக்கொண்டு இதைச் செய்யவில்லை.

பழுது ஹார்ட் டிஸ்க்கில்தான். பழைய மாதிரி, உள்ளே தட்டுச் சுழல்கிற வகை. சில இடங்கள் பழுதாகி, அந்த இடத்தைப் படிக்க வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப முயற்சி செய்து முழுக் கொம்பியூட்டரையும் நிறுத்தி வைத்திருந்தது.

அதற்குள்தான் அம்மம்மாவின் படங்கள் இருந்தன. அம்மம்மா 2021இல் போய்விட்டா. அவ ஊர்க்கதை சொல்வதைத் தங்கச்சி பள்ளிக்கூடப் புரொஜெக்ட்டுக்காக ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தாள். வேறெங்கும் பிரதி இல்லை.

இப்படி டிஸ்க் சாகக் கிடக்கும்போது எல்லோரும் செய்கிற பிழை, பைல்களை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட முயற்சிப்பது. அது பழுதான இடத்திலேயே நின்று மல்லுக்கட்டும், மிச்ச உயிரும் போய்விடும். டிடிரெஸ்கியூ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அது முதல் சுற்றில் சுலபமாகப் படிக்கக்கூடியதை எல்லாம் எடுத்துக்கொண்டு, சிக்குகிற இடங்களைத் தாண்டிப் போய்விடும். எது எடுத்தாயிற்று, எது மிச்சம் என்று ஒரு குறிப்பும் எழுதி வைக்கும். பிறகு திரும்பி வந்து சிக்கிய இடங்களைச் சின்னச் சின்னத் துண்டாக முயற்சி செய்யும். இடையில் நிறுத்தினாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். முழு டிஸ்க்கையும் இன்னொரு பெரிய டிஸ்க்கில் அப்படியே பிரதி எடுத்து, பிறகு அந்தப் பிரதியில்தான் பைல்களைத் தேட வேண்டும். இரண்டு இரவு ஓடியது. அம்மம்மாவின் ஒலிப்பதிவுகள் ஏழில் ஆறு வந்தன. ஏழாவது பாதியில் நிற்கிறது.

பழுதான டிஸ்க்கை எடுத்துவிட்டு 52 டொலருக்கு ஓர் எஸ்எஸ்டி போட்டேன். கீழ் மூடியில் ஒன்பது திருகாணி, டிஸ்க்கைப் பிடித்திருப்பது நாலு. இருபது நிமிச வேலை. இப்போது அந்த லப்டொப் அரை நிமிசத்துக்குள் திறக்கிறது. புதிதைத் திருப்பிக் கொடுக்கிற தவணை முடிந்துவிட்டது. சித்தி இன்னும் கார்ட் கட்டிக்கொண்டிருக்கிறா.

கடைக்காரரில் எனக்குக் கோபம் இருக்கிறதுதான். ஆனால் பெரிய கோபம் எங்களில்.

"கை வைக்காதை, பழுதாப் போயிடும்." இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை ஸ்காபரோவில் இருக்கிறதா? நான் எட்டு வயதில் பழைய விசிஆர் ஒன்றைக் கழற்றியதற்கு அடி வாங்கினேன். அது ஏற்கெனவே ஓடாத விசிஆர்! அடித்த அப்பா யார் என்று பாருங்கள். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடையில் பற்றரியும் வராது. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட சனம் அது. டைனமோ தருவது ஆடலோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் டயோட்டும் கொள்ளளவியும் போட வேண்டும். அப்பா அதைப் பழைய ரேடியோக்களில் இருந்து கழற்றி எடுத்துச் செய்திருக்கிறார். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் செய்தார்கள், செய்யாவிட்டால் செய்தி இல்லை, போக்குவரத்து இல்லை.

அந்த அப்பாதான் கனடாவுக்கு வந்து, எனக்கு எஞ்சினியரிங் படிக்கச் சொல்லிவிட்டுத் திருப்புளியைப் பறித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒவ்வொரு சாமானும் இரண்டு வேலை செய்து வாங்கியது, உடைந்தால் இன்னொன்றுக்கு வழியில்லை. ஆனால் அதற்குள் வேறொன்றும் ஒளிந்திருக்கிறது. கையில் கிரீஸ் படுகிற வேலை குறைந்த வேலை, பட்டம் வாங்குவது அந்த வேலையைச் செய்யாமல் இருப்பதற்காக. வெளியே சொல்லமாட்டோம், வீட்டுக்குள் இதுதான். நான் முதுகலை வரை எஞ்சினியரிங் படித்தேன். ஈயப் பற்றவைக்கும் கோலை முதன்முதலாகப் பிடித்தது 22 வயதில், ஒரு சீன நண்பனின் பேஸ்மென்ட்டில். எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இந்தப் பயத்தை வைத்துத்தான் கம்பனிகள் காசு பண்ணுகின்றன. ஆப்பிள் 2011இல் ஐபோன் 4இன் அடியில் இருந்த சாதாரணத் திருகாணியை எடுத்துவிட்டு, ஐந்து இதழ்ப் பூ மாதிரியான ஒன்றைப் போட்டது. அப்போது எந்த வீட்டிலும் அதற்கான திருப்புளி இருக்கவில்லை. 2017 மார்கழியில், பற்றரி பழையதான ஐபோன்களின் வேகத்தை மென்பொருளால் குறைப்பதாக ஒப்புக்கொண்டது. திடீரென்று நின்றுபோகாமல் இருக்கத்தான் செய்தோம் என்றது. அது தொழில்நுட்பக் காரணமாக நியாயமானது கூட. ஆனால் வைத்திருப்பவரிடம் சொல்லவில்லையே? பற்றரி மாற்றினால் போதும் என்று தெரியாமல் எத்தனை பேர் புது போன் வாங்கினோம். பிறகு அமெரிக்காவில் 500 மில்லியன் டொலர் வரை கொடுத்து வழக்கை முடித்தார்கள்.

மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை நிறுத்தியது. பதினொன்றுக்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்ரெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். அதாவது 2017க்கு முன் வாங்கிய, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கொம்பியூட்டர்கள் ஒரே நாளில் "பழசு". ஒரு வருடம் நீட்டிக்க வழி விட்டிருக்கிறார்கள், அதைப் பயன்படுத்துங்கள். பிறகு லினக்ஸ் போடுங்கள். அப்டேட் இல்லாத விண்டோஸில் மட்டும் பாங்க் வேலை செய்யாதீர்கள்.

இதில் நானும் கூட்டுத்தான். என் கிளையண்ட் கம்பனிகளுக்கு "நாலு வருடத்துக்கொருமுறை லப்டொப் மாற்றுங்கள்" என்று அறிக்கை எழுதிக் கொடுத்துக் காசு வாங்குகிறவன் நான். கம்பனிக்கு ஒரு மணித்தியாலம் வேலை நின்றாலே நட்டம், அங்கே அந்தக் கணக்குச் சரி. ஆனால் அதே கணக்கைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டில் போடுகிறோமே, அதுதான் பிழை.

"அண்ணா, எனக்கு நேரமில்லை, புதிது வாங்கினால் முடிந்தது" என்று சொல்கிறவர்களுக்கு: யாருடைய காசில்? அம்மாவின் ஓவர்டைம் உங்களுடைய நேரத்தை விட மலிவா?

"உடைந்துவிட்டால்?" என்பது நியாயமான கேள்வி. உடையும். நான் இதுவரை இரண்டு விசைப்பலகைக் கேபிளைப் பிய்த்திருக்கிறேன், ஒரு திரையைக் கீறியிருக்கிறேன். அதனால்தான் குப்பைக்குப் போகிற சாமானில் பழகச் சொல்கிறேன். தொடவே கூடாதவையும் உண்டு. ஊதிப்போன பற்றரியைக் குத்தாதீர்கள், வளைக்காதீர்கள், அது தீப்பிடிக்கும். மைக்ரோவேவைத் திறக்காதீர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கொல்லக்கூடிய மின்சாரம் நிற்கும். டிஸ்க் "டிக் டிக்" என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்திவிட்டு அதற்கென்றே இருக்கிறவர்களிடம் கொடுங்கள்.

மற்றதெல்லாம் திறந்து பார்க்கலாம். சட்டமும் மெல்ல எங்கள் பக்கம் வருகிறது. கனடாவில் 2024 நவம்பரில் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பழுது பார்ப்பதற்காக டிஜிட்டல் பூட்டைத் தாண்டலாம் என்று ஆக்கினார்கள். ஆனால் உதிரிப்பாகம் விற்கத்தான் வேண்டும் என்று அது கம்பனிகளைக் கட்டாயப்படுத்தவில்லை. பாதிக் கதவுதான் திறந்திருக்கிறது.

எங்கே தொடங்குவது? லப்டொப் இழுத்தால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் வரும். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே டிஸ்க் 100 வீதத்தில் நின்றால், உங்களுக்குத் தேவை புது லப்டொப் இல்லை, பெரும்பாலும் ஓர் எஸ்எஸ்டிதான். சூடாகி இரைந்தால் விசிறியில் தூசி. வட்ஸ்அப்பில் மாமாமார் அனுப்புகிற "ராம் கிளீனர்" ஒன்றையும் தயவுசெய்து போடாதீர்கள்.

திருத்த எதுவும் இல்லையென்றால் ஏதாவது செய்யுங்கள். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மரம் ஒவ்வொரு குளிர்காலமும் பாதி செத்துத்தான் தப்பும். வீட்டுக்குள் வெயில் இல்லை, அம்மா பாவம் பார்த்து அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் ஊற்றுவா. ஒரு ஈஎஸ்பி32 பலகையும் மண் ஈரம் பார்க்கும் சென்சரும் வாங்கிச் சாடிக்குள் வைத்தேன். இரண்டு உலோகக் கம்பி வெளியே தெரிகிற மலிவான சென்சரை வாங்காதீர்கள், மின்னோட்டத்தில் அரித்துப்போகும். மின்கொள்ளளவு பார்த்து அளக்கிற வகை நல்லது, அதில் ஈரம் கூடினால் எண் குறையும், குழம்பாதீர்கள். இன்னொன்று, இந்தப் பலகையில் வைஃபை ஓடும்போது ஏடிசி2 என்ற பக்கத்துப் பின்களில் சென்சரைக் கொடுத்தால் வேலை செய்யாது. ஏடிசி1 பின்னில் கொடுங்கள். இது தெரியாமல் எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. இப்போது மண் காய்ந்தால்தான் அம்மாவின் போனுக்குச் செய்தி வரும். "மரத்திட்டை கேட்டுத் தண்ணி ஊத்திற காலம்" என்று அம்மா சொல்லிக்கொண்டு திரிகிறா. மரம் இந்த முறை இலை கொட்டவில்லை.

சின்னத் திருப்புளிப் பெட்டி ஒன்று முப்பது டொலருக்குள் வரும். அந்த ஐந்து இதழ்ப் பூ முனையும் அதற்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, கழற்றுகிற ஒழுங்கிலேயே திருகாணிகளை ஒவ்வொரு குழியிலும் போடுங்கள். ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள். மூடியைத் திறந்ததும் முதலில் பற்றரிக் கேபிளைக் கழற்றுங்கள்.

தங்கச்சிக்குப் பிறந்தநாளுக்கு அந்தப் பெட்டிதான் கொடுத்தேன். சித்தியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும், ஏதோ சங்கிலி தருவேன் என்று எதிர்பார்த்திருப்பா. போன ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு அவளிடமிருந்து படம் வந்தது. பழைய லப்டொப்பின் விசிறியைக் கழற்றித் தூசி எடுத்து, திரும்பப் பூட்டியிருக்கிறாள். ஓடுகிறதாம். மேசையில் ஒரு திருகாணி மிஞ்சிக் கிடந்தது, அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "அண்ணா, இது எங்க போகும்?"

முட்டைப் பெட்டியில் எந்தக் குழி காலியாகவில்லை என்று பார்க்கச் சொன்னேன். முட்டைப் பெட்டியே பாவிக்கவில்லையாம்.