எடிசனுக்கு மேலே ஒரு வரி

வாழவந்தி தெரியுமா உங்களுக்கு? ஏற்காட்டுக்குப் போகிற நாம் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவோம். வாழவந்தி அந்தப் பக்கத்து மலைக் கிராமம். அங்கே ஒரு டீக்கடையில், ஒரு பிப்ரவரி 10-ம் தேதி, ஒரு பொடியன் சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். மறுநாள் பள்ளிக்கூடப் பிரேயரில் 'வரலாற்றில் இன்று' வாசிக்கிற முறை அவனுக்கு.

1847, எடிசன் பிறந்தார். 1979, ஈரானில் மன்னராட்சி கவிழ்ந்தது. 1990, மண்டேலா விடுதலை.

"சேலம் பத்தி ஒண்ணும் இல்லையா தம்பி?"

"சேலத்துல என்னங்க நடந்துச்சு?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. உங்களைக் கேட்கிறேன். அஸ்தம்பட்டியைத் தாண்டித்தானே சார் மலையேறினீர்கள்? அங்கே இருக்கிறது சேலம் மத்திய சிறை. 1950 பிப்ரவரி 11 அன்று அதற்குள்ளே கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கேட்டது, எங்களை அரசியல் கைதிகளாக நடத்துங்கள் என்று. குடியரசாகி 16 நாள்தான் ஆகியிருந்தது. சென்னை மாகாணத்தில் குமாரசாமி ராஜாவின் காங்கிரஸ் ஆட்சி.

செத்தவர்களில் பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. அவர்களில் ஒருவர் தளியன் ராமன் நம்பியார், காவும்பாயிக்காரர். 1946-ல், சோற்றுக்கே பஞ்சமான நேரத்தில், ஜமீன் வளைத்து வைத்திருந்த மலைச்சரிவில் புனம் போட உரிமை கேட்டு எழுந்த ஊர் அது. அவருடைய மகனும் அதே சேலம் சிறையில் இருந்தார். மகன் பிழைத்தார், அப்பா பிழைக்கவில்லை.

(சேர்வராயன் மலைவாசிகளுக்கும் 'மலையாளிகள்' என்றுதான் பெயர். பேசுவது தமிழ். மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள். புனம் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.)

ஜாலியன்வாலாபாக் மட்டும் நமக்கு மறக்காது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 1919 ஏப்ரல் 13 என்போம். சுடச் சொன்னவன் வெள்ளைக்காரன், சொல்லச் சௌகரியம். சேலத்தில் சுட்டது நம்ம ஆட்சியின் சிறைக்காவலர்கள். அங்கேதான் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

"அது ஒரு கட்சி சமாசாரம்ங்க" என்பீர்கள். உண்மைதான், வருஷா வருஷம் இடதுசாரிகள்தான் அஞ்சலி செலுத்துகிறார்கள். மண்டேலா மட்டும் என்ன, கட்சியில்லாத சாமியாரா? "அவங்க ஆயுதம் எடுத்தவங்க" என்பீர்கள். மண்டேலாவும் 1961-ல் ஆயுதப் படை தொடங்கியவர்தான். அவரை வெள்ளை அரசாங்கம் 27 வருஷம் பூட்டி வைத்து, உயிரோடு வெளியே விட்டது. சேலம் சம்பவத்துக்குச் சரியாக நாற்பது வருஷம் கழித்து, அதே தேதியில். அதற்குக் கை தட்டுகிறோம், தட்டத்தான் வேண்டும். ஆனால் பூட்டுக்குள் இருக்கிறவன் உயிருக்குப் பூட்டியவன்தான் பொறுப்பு என்கிற கணக்கு கேப் டவுனுக்கு ஒன்று, அஸ்தம்பட்டிக்கு வேறொன்றா?

எடிசன் இருக்கட்டும். அவர் விளக்கில்தான் இந்த வரிகளை எழுதுகிறேன். பட்டியலை நீட்ட ஒரு வரிக்கு மேல் ஆகாது, அவ்வளவுதான் கேட்கிறேன்.

சொல்லி முடித்ததும் பையன் நோட்டில், எடிசனுக்கு மேலே, எழுதினான்: 'சேலம் சிறை, 1950, 22 பேர்.' பிறகு நிமிர்ந்து பார்த்தான்.

"யாருங்க சுட்டது? டீச்சர் கேப்பாங்க."