60 லட்சம் பேரும் ஒரு மார்க்கும்

ஹிட்லர் ஆட்சியில் கொல்லப்பட்ட யூதர்கள் எத்தனை பேர்? 60 லட்சம். சரியான விடை, ஒரு மார்க். அடுத்த கேள்வி!

இன அழிப்பு பற்றிய பாடம் பல பள்ளிக்கூடங்களில் இப்படித்தான் 'நடத்தி' முடிக்கப்படுகிறது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பிள்ளையின் மனசுக்குள் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

2006-ல் வெளிவந்த என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் நாஜிகளைப் பற்றி ஒரு முழுப் பாடம் இருந்தது. நல்ல பாடம். அதில் நெஞ்சை அடைப்பது போர்க்களம் அல்ல, பள்ளிக்கூடம்! முதலில் யூதப் பிள்ளைகளை மற்றவர்களோடு உட்கார விடவில்லை. பிறகு பள்ளியை விட்டே துரத்தினார்கள். கடைசியில் விஷவாயு அறை. கணக்குப் பாடத்தில்கூட யூத வெறுப்பைக் கலந்து ஊட்டியிருக்கிறார்கள். கொல்லப்பட்டவர்களில் சுமார் 15 லட்சம் பேர் குழந்தைகள். பெஞ்சில் உட்கார்ந்து இதைப் படிக்கும் பிள்ளைக்கு, பக்கத்தில் இருப்பவனை ஒருமுறை திரும்பிப் பார்க்கத் தோன்றாதா?

"சின்னப் பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? பயந்துடுவாங்க" என்கிறார்கள் சிலர். ஆன் ஃபிராங்க் டைரி எழுத ஆரம்பித்தது 13 வயதில். 1945-ல் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தபோது வயது 15. சாவதற்குப் போதுமாக இருந்த வயது, அதைப் படிப்பதற்கு மட்டும் போதாதா?

அதற்காகப் பிணக்குவியல் படத்தைக் காட்டிவிட்டு, மணி அடித்ததும் சாக்பீஸைப் போட்டுவிட்டுக் கிளம்புவதும் பாடம் ஆகாது. அழ வைத்தால் மட்டும் போதுமா? அந்த அழுகையைப் பற்றிப் பேச இடம் வேண்டாமா?

பேச இடமில்லாத துக்கம் மரத்துப்போகும். இல்லையென்றால் கொன்றவன் பக்கமே சாயும். "என்ன இருந்தாலும் ஹிட்லர் தில்லான ஆளுப்பா!" என்று காலேஜ் கேன்டீனில் கேட்கும் குரல் எங்கிருந்து வருகிறது? ஹிட்லரின் 'எனது போராட்டம்' இந்தியப் புத்தகக் கடைகளில் தன்னம்பிக்கை நூல் மாதிரி விற்றதும் இந்த லட்சணத்தில்தான். 60 லட்சம் என்ற எண் மனப்பாடம் ஆனது. ஆனால் அதில் ஒரு ஆள்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

இதற்குப் பெரிய திட்டம், கமிட்டி எதுவும் தேவையில்லை. பாடம் முடிந்ததும் அரை மணி நேரம் போதும். மூன்று கேள்விகள், மார்க் கிடையாது. எந்த இடத்தில் படிக்கவே கஷ்டமாக இருந்தது? யூதப் பிள்ளைகளைத் துரத்தியபோது கூடப் படித்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்? இந்த வகுப்பில் சாதி, மதம், நிறம் சொல்லி யாரையாவது ஒதுக்கி வைத்திருக்கிறோமா?

முதல் இரண்டைக் கேட்கப் பல ஆசிரியர்கள் முன்வரலாம். மூன்றாவதுதான் சிக்கல். பதில் ஜெர்மனியில் இல்லை, கடைசி பெஞ்சில் இருக்கிறது. அதனால்தான் அவசர அவசரமாக 60 லட்சம் என்று எழுதச் சொல்லி, அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள்.